என் கணவர் விதவையாக்கிய பெண்கள்

என் கணவர் நோபேட் ஒரு ஈயைக்கூட அடிக்கத் தெரியாத மனிதர். ஆனாலும் மட்டக்களப்பு மாவட்டத்தில் அவர் விதவையாக்கிய பெண்களையெல்லாம் ஒன்றுகூட்டினால் வெபர் மைதானத்தில் இடம் போதாது. அவர்களுடைய புருஷன்மாருக்கும் கதிரை போடவேண்டி வரும் என்பதால் நெருக்கடி இன்னும் கூடும்.

அவர் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் இணைப்பாளர். அதற்கு முன்னர் கூட்டுறவுச் சங்கத்தில் லிகிதராக இருந்தார். ஓய்வு பெற்ற கையோடு ஒரு எம்.பி. அவரைக் கூப்பிட்டு, நகரத்தில் வாடகைக்கு எடுத்த வீட்டின் முன்விறாந்தையில் ஒரு மேசையும் சுழல்கதிரையும் கொடுத்தார். சம்பளம் கிடையாது. கதிரை சுழலும், அதுதான் சம்பளம். அடுத்த தேர்தலில் அந்த எம்.பி. தோற்றார். வேறு கட்சிக்காரர் வென்றார். நோபேட் அவருக்கும் இணைப்பாளரானார். இப்போது இருப்பவர் மூன்றாமவர். கொள்கை என்று ஒன்று இல்லையா என்று நான் கேட்டால், கடிதத் தலைப்பில் உள்ள சின்னம்தான் மாறியது, அதற்குக் கீழே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்பார். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

எம்.பி. கொழும்பிலிருந்து வந்தால் செத்தவீடு, திறப்புவிழா, பரிசளிப்பு விழா என்று ஓடித் திரிவார். கடிதம் கேட்டு வருகிற சனத்தின் கதையைக் கேட்க அவருக்கு நேரம் இல்லை. அதனால் வரும்போதெல்லாம் ஒரு கட்டு வெறும் தலைப்புத் தாள்களின் அடியில் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். நோபேட் அவற்றை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவார். யாராவது வந்தால் ஒரு தாளை வெளியே எடுத்து, கையெழுத்துக்கு மேலே விஷயத்தை நிரப்புவார். மக்கள் பிரதிநிதியின் கவனம் என்பது எங்கள் ஊரில் இப்படித்தான் கிடைக்கும். கையெழுத்து முதலில் வரும், கஷ்டம் பிறகு வரும்.

பெண்கள் கேட்டு வரும் கடிதங்களில் இரண்டாம் பந்தியில் ஒரு வசனம் தவறாமல் இருக்கும். ‘இவர் கணவனை இழந்த நிலையில் குடும்பத்தைத் தலைமை தாங்கும் மிகவும் வறிய பெண் ஆவார்.’ இந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சண்டைக்கும் சுனாமிக்கும் பிறகு உதவி கொண்டுவந்த நிறுவனங்கள் எல்லாம் பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கே முதலிடம் என்றன. அப்போது உண்மையாகவே கணவனைப் பறிகொடுத்தவர்கள் வாகரையிலிருந்து வெல்லாவெளி வரை வரிசையில் நின்றார்கள். அவர்களுக்காக யாரோ எழுதிய வசனம் அது. நிறுவனங்கள் போய்விட்டன, வசனம் போகவில்லை. அதற்குப் பலன் இருக்கிறது என்று கண்டுகொண்ட நோபேட், தண்ணீர் இணைப்போ, மின்கம்பமோ, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதோ, எது கேட்டு வந்தாலும் கேட்டவளை முதலில் விதவையாக்கிவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார்.

ஏறாவூரிலிருந்து ஸாலிஹா என்ற பெண் தண்ணீர் இணைப்புக்குக் கடிதம் கேட்டு வந்தாள். மோட்டார் சைக்கிளில் கூட்டிவந்தது அவளுடைய புருஷன் றிஸ்வி. கடிதத்தை வாங்கி வாசித்த றிஸ்வி, தண்ணீர் வந்தால் மௌத்தானவரும் குடிக்கலாமா என்று கேட்டுச் சிரித்துவிட்டு, தானே அதைத் தண்ணீர்க் கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே இருந்த உத்தியோகத்தரும் கடிதத்தை ஒருதரம், றிஸ்வியை ஒருதரம் பார்த்துவிட்டு அடுத்த வாரமே இணைப்புக் கொடுக்கச் சொல்லிவிட்டார். எம்.பி. கடிதத்தில் விதவை என்று இருந்தால் விஷயம் கொஞ்சம் அவசரம் என்றுதான் எங்கள் கந்தோர்க்காரர் எடுத்துக்கொள்வார்கள். ஒருவரும் ஒருவரையும் ஏமாற்றவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு பொய்யை மரியாதையாக நடத்திவந்தார்கள்.

என்னால் மட்டும் அதைச் சகிக்க முடியவில்லை. நான் குடும்பநல உத்தியோகத்தராக வேலை பார்த்தவள், ஊர்ச்சனம் பீற்றிஸ் என்ற பேரை விட்டு மிட்வைப் மிஸ் என்றுதான் கூப்பிடும். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவது என் வேலை. இவர் விதவையாக்கிய பெண்களில் எத்தனையோ பேருக்கு அடுத்த வருடம் நான் கர்ப்பிணி அட்டை எழுதியிருக்கிறேன். ஒரே வீட்டில் புருஷன் சாகடித்த மனிதனின் பிள்ளைக்குப் பெண்சாதி பேறு பார்த்தால் சனம் என்ன நினைக்கும் என்று கேட்டேன். சனம் நன்றி நினைக்கும் என்றார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் தங்கை செத்த பிறகு அவளுடைய மகள் ஜெனிற்றா எங்களோடு கல்லடியில்தான் வளர்ந்தாள். நோபேட்டுக்கு அவள் என்றால் உயிர். அவள் ஏஎல் எழுதப் போன நாட்களில் பரீட்சை மண்டப வாசலில் குடையோடு நின்றவர் அவர். இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவளாவேன். இனிச் சொல்லப்போவதில் அவருக்கு நியாயம் செய்ய எனக்கு எண்ணமில்லை.

ஜெனிற்றா ஆய்வுகூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். தினுஷன் என்ற எங்கள் ஊர்ப் பையன், கனடாவில் ரொறன்ரோவில் நிரந்தர வதிவிடம் எடுத்து இருப்பவன், ஊருக்கு வந்து அவளைக் கோயிலில் பாதர் முன்னால் கைப்பிடித்தான். ஒன்றரை மாதம் எங்கள் வீட்டில் இருந்தான். நண்டுக்கறி என்றால் பாத்திரத்தையும் வழிப்பான். திரும்பிப் போய் அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டான். ஒரு வருடத்தில் விசா வந்துவிடும் என்று ஊரே சொன்னதை நம்பி அவள் வேலையை விட்டாள். வருடம் ஒன்று போனது, இரண்டாவதும் பாதி போனது. எப்ப பயணம், எப்ப பயணம் என்று மீன்கடையிலும் கேட்டார்கள், பூசை முடிந்து வெளியே வந்தாலும் கேட்டார்கள். கடைசியில் அவள் கோயிலின் பக்கக் கதவால் போய்ப் பக்கக் கதவாலேயே வரத் தொடங்கினாள். கலியாணம் கட்டிய பிள்ளை களவெடுத்தவள் மாதிரி ஒளித்துத் திரிந்தாள்.

தினுஷன் ரொறன்ரோவில் தன் பகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனான். அங்கே இந்த வேலைக்கென்றே ஒரு பெண் இருக்கிறாளாம். உங்கள் கோப்பைப் பற்றி நாங்கள் விசாரிக்க உங்களுக்குச் சம்மதமா என்று அவள் முதலில் அவனிடமும் ஜெனிற்றாவிடமும் கையெழுத்து வாங்கினாள். பிறகு, எம்.பி.மாரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவென்று குடிவரவுக்காரர் தனியாக வைத்திருக்கும் பிரிவுக்கு எழுதினாள். சில நாட்களில் பதில் வந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, பின்னணிச் சோதனை இன்னும் முடியவில்லை, எம்.பி. கேட்டார் என்பதற்காக ஒரு கோப்பை வரிசையில் முன்னுக்கு எடுப்பதில்லை. அவ்வளவுதான். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றும் இல்லை என்பதை அவர்கள் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்கள்.

இதை ஜெனிற்றா வாசித்துக் காட்டியபோது நோபேட்டின் முகத்தைப் பார்க்கவேண்டும். முத்திரை இல்லை, எம்.பி.யின் கையெழுத்து இல்லை, அவரிடம் வேலை செய்கிற ஒருத்தி எழுதியிருக்கிறாள், இதெல்லாம் ஒரு கடிதமா என்றார். எம்.பி. தன் கையால் எழுதாத கடிதத்தை அவர் குறை சொன்னதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். என்ன சிரிப்பு என்று அவருக்கு விளங்கவில்லை. நம்முடைய எம்.பி. ஒரு கடிதம் போட்டால் கனடா ஆடும் என்றார். ஜெனிற்றாவிடம் கோப்பு இலக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

ஆங்கிலக் கடிதங்களை அவர் காத்தான்குடி நௌஷாட்டின் கொமியூனிகேஷன் கடையில்தான் தட்டச்சுச் செய்விப்பார். அங்கே கம்பியூட்டரில் எல்லாம் தயாராக இருக்கும். பெயரையும் விலாசத்தையும் வேண்டுகோளையும் மாற்றினால் போதும். நடந்ததை நௌஷாட் பிறகுதான் எனக்குச் சொன்னார். இரண்டாம் பந்திக்கு வந்தபோது அவர் கையை எடுத்துவிட்டு, சேர், இந்தப் பிள்ளை புருஷனிட்டத்தானே போகுது, இந்த வசனம் வேணுமா என்று கேட்டிருக்கிறார். நோபேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னாராம்.

“அது இல்லாட்டிக் கடிதத்துக்குப் பெலன் இல்ல, நௌஷாட்.”

அப்படியே கணவனை இழந்த ஜெனிற்றாவைக் கணவனிடம் அனுப்பிவைக்குமாறு கௌரவ உறுப்பினரின் கையெழுத்தோடு கடிதம் போனது. விசா அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. கீழே பிரதிகள்: வெளிநாட்டமைச்சு, கனடிய உயர்ஸ்தானிகராலயம், மாவட்டச் செயலாளர். மாவட்டச் செயலாளருக்கு இதில் என்ன வேலை என்று கேட்டேன். அவருக்கும் தெரிந்திருந்தால் நல்லதுதானே என்றார். பிரதி போடாத கடிதத்தை நோபேட் தன் வாழ்நாளில் எழுதியதில்லை.

கனடாக்காரர் பதில் போட்டார்கள். கடிதத்துக்கு நன்றி, தனிப்பட்ட தகவல்களைக் காக்கும் சட்டப்படி விண்ணப்பதாரியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மூன்றாம் தரப்போடு எதையும் பேச முடியாது, தங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. எம்.பி. என்றால் அவர்களுக்கு அவர்களுடைய எம்.பி.தான். எங்கள் எம்.பி.யும் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற ஆளும் அவர்களுக்கு ஒன்றுதான். முடியாது என்று இதைவிட மரியாதையாக ஒரு மனிதருக்குச் சொல்லவே முடியாது. நோபேட் அதை லமினேட் செய்து சுழல்கதிரைக்கு மேலே கொழுவினார். வருகிற சனத்துக்கெல்லாம் கனடா பதில் போட்டிருக்கு என்று காட்டினார். அதில் இருந்த மேப்பிள் இலையைத் தொட்டுப் பார்த்தவர்களும் உண்டு. உள்ளே எழுதியிருந்ததை ஒருவரும் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளது என்ற கடைசி வரிக்குப் பயப்பட அவர்களுக்கு என்ன தெரியும்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

இரண்டு மாதம் கழித்து ஒரு பகல். ஜெனிற்றா குசினியில் இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். போன் சத்தம் போட்டது. கையைச் சேலைத் துண்டில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். நான் போனை வாங்கி வாசித்தேன், விசா அலுவலகத்தின் மின்னஞ்சல். உங்கள் கணவர் இறந்துவிட்டதாக உங்கள் நாட்டின் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் எங்களுக்கு எழுத்தில் அறிவித்திருக்கிறார், நீங்களோ கணவரோடு சேர்வதற்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள், ஒரு மாதத்துக்குள் விளக்கம் தரவேண்டும், பொய்த்தகவல் கொடுத்ததாக முடிவானால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், ஐந்து வருடத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்க முடியாது.

அவளுக்கு முதல் வரியைத் தாண்டி ஒன்றும் ஏறவில்லை. அதை அவள் அறிவித்தலாகவே எடுத்துக்கொண்டாள். தினுஷனுக்கு அடித்தாள், எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். அங்கே அவன் இரவுவேலையில் இருந்தான், வேலை நேரத்தில் போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டவேண்டும். அது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் நானும் என் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன். அவன் இடைவேளையில் எடுத்து என்ன ஜெனி என்று கேட்கும்வரை அந்தப் பிள்ளை இறால் நாற்றத்தோடு சுவரில் சாய்ந்து கிடந்தாள். அந்த நேரத்தை நான் நோபேட்டுக்கு மன்னிக்கவில்லை. செத்தாலும் மன்னிக்கமாட்டேன்.

பின்னேரம் அவர் வந்ததும் போனை முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் ஆற அமர வாசித்தார், திரும்பவும் வாசித்தார். பொய் எழுதியது அவருக்குப் பிழையாகப் படவில்லை. பட்டது வேறொன்று.

“எம்.பி. கடிதத்தையெல்லாம் ஆரு பீற்றிஸ் இப்பிடி உள்ளுக்குப் போய் வாசிக்கிற?” என்றார், பரிதாபமாக.

அடுத்த நாளே அவர் தன் பாணியில் பரிகாரம் செய்துகொண்டு வந்தார். லாச்சியிலிருந்து இன்னொரு தாள். கௌரவ உறுப்பினரின் கையெழுத்துக்கு மேலே, ‘முன்னைய கடிதத்தின் தொடர்ச்சியாக, மேற்படி பெண்ணின் கணவர் தற்போது உயிருடன் உள்ளார் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகின்றேன்.’ தற்போது. கல்லறையிலிருந்து லாசர் எழும்பியதற்குக்கூட ஆண்டவர் இப்படி ஒரு கடிதம் கொடுக்கவில்லை. நான் அதை வாங்கி நாலாகக் கிழித்தேன். ஒரு கையெழுத்து வீணாய்ப் போனதே என்று அவர் கவலைப்பட்டார்.

தினுஷன் மறுபடியும் அந்தக் கனடா எம்.பி. அலுவலகத்துக்குப் போனான். அந்தப் பெண் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறாள். நாங்கள் கேள்விதான் கேட்கலாம், முடிவெடுப்பது அதிகாரி, அவர் இப்போது உங்கள் மனைவியின் பதிலுக்காகக் காத்திருக்கிறார், நடுவில் நாங்கள் கேட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. உங்கள் மனைவி நடந்ததை நடந்தபடி எழுதட்டும். அந்த வசனத்தை யார் எழுதினாரோ அவர் எப்படி எழுதினார் என்று அவருடைய கையெழுத்தோடு ஒரு வாக்குமூலமும் வையுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு எம்.பி.யின் சொல்லுக்கு எதிராக ஒரு பெண்ணின் சொல் மட்டும்தான் இருக்கும்.

அதாவது நோபேட் எழுதவேண்டும். நான்தான் எழுதினேன், கையெழுத்து முன்னமே போட்டிருந்தது என்று. நோபேட் தலையைச் சொறிந்தார், எம்.பி.யிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றார். எம்.பி. அந்தக் கிழமை ஊருக்கு வந்திருந்தார். கேட்டுவிட்டு வந்தபோது என் கணவரின் முகத்தில் பெரிய பாரம் இறங்கியிருந்தது. எம்.பி. வழி சொல்லியிருந்தார். தன் பெயரையோ அலுவலகத்தின் பெயரையோ இதற்குள் இழுக்கவேண்டாம். பிள்ளையே தவறுதலாக அப்படிச் சொல்லிவிட்டதாக எழுதித் தரட்டும். இளம்பிள்ளை, மன்னித்துவிடுவார்கள்.

நோபேட் அதை நௌஷாட்டிடம் தட்டச்சுச் செய்வித்தே கொண்டுவந்திருந்தார். ‘எனது கணவர் இறந்துவிட்டதாக நானே தவறுதலாகப் பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் தெரிவித்தேன்.’ கீழே ஜெனிற்றாவின் பெயர், கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு. வளர்த்த பிள்ளையின் முன்னால் தாளை வைத்து, பேனாவையும் மூடி கழற்றி வைத்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். ஜெனிற்றா என் கையைப் பிடித்தாள். அவள் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

“பெரியப்பா, இதில நான் கையெழுத்து வெச்சா எனக்கு அஞ்சு வருசம் போகும். நீங்க எழுதினா உங்களுக்கு ஒரு கதிரைதான் போகும். நீங்களே சொல்லுங்க, ஆர் வெக்கிற எண்டு.”

நோபேட் பேனாவை எடுத்து மூடியைப் போட்டார். பிறகு எழும்பி வாசலில் போய் நின்றார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அன்று பகல் நான் அவருக்குச் சோறு போடவில்லை. பாவம் பார்க்கிறது வேறு, சோறு போடுகிறது வேறு.

பின்னேரம் அவர் ஒரு வெறும் தாள் கேட்டார். கொடுத்தேன். தலைப்பு இல்லாத தாளைக் கண்டதும் அவருக்கு எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. சின்னம் இருக்கவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு நடுவில் தொடங்கினார். ‘மேற்படி விடயம் சம்பந்தமாக’ என்று எழுதிவிட்டு, மேலே ஒரு விடயமும் இல்லாததைக் கண்டு வெட்டினார். இரண்டு தாள் வீணானது. மூன்றாவதில் எழுதி முடித்தார். அந்தப் பெண்ணின் கணவர் உயிரோடு இருப்பது தனக்கு நன்றாகத் தெரியும் என்றும், அவர்களுடைய கலியாணத்தில் பெண்ணின் தகப்பன் இடத்தில் நின்றது தானே என்றும், அந்த வசனத்தைப் பெண்களின் கடிதங்கள் எல்லாவற்றிலும் எழுதுவது தன் வழக்கம் என்றும், பெண் தன்னிடம் அப்படிச் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தார். அதோடு நிற்காமல், எம்.பி. முன்கூட்டியே கையெழுத்து வைத்துவிட்டுப் போவதால் இந்தக் கடிதத்தை மட்டுமல்ல எந்தக் கடிதத்தையும் அவர் வாசிப்பதில்லை, ஆகவே அவர்மீது ஒரு பிழையும் இல்லை என்றும் சேர்த்திருந்தார். இது எம்.பி.யின் மானத்தைக் காப்பாற்றும் என்று மனிதர் மனதார நம்பினார்.

நான் அதை வாசித்தபோது என் கண் நிறைந்தது. இத்தனை வருடத்தில் அவர் எழுதிய கடிதங்களில் ஒரு பொய்யும் இல்லாத கடிதம் அதுதான். ஜெனிற்றா தன் விளக்கத்தோடு அதையும் மொழிபெயர்ப்பித்துச் சமாதான நீதவானிடம் அத்தாட்சிப்படுத்தி அனுப்பினாள். கலியாணப் படங்களையும் தினுஷன் அன்றைய பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற படத்தையும் வைத்தாள். கடத்தப்பட்டவனைப் போல் நின்றான், பாவம்.

எம்.பி.க்குத் தெரிய வராது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கனடாவுக்குப் போகிற கடிதத்தை இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் மூன்றாம் நாள் எம்.பி. போனில் கூப்பிட்டு என் கணவரைக் கிழிகிழியென்று கிழித்தார். போனைக் காதிலிருந்து எட்டப் பிடித்தும் குசினிவரை கேட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். நோபேட் தயங்கித் தயங்கிச் சொன்னார். வாக்குமூலத்தின் அடியில் வழக்கம்போலப் பிரதிகள் போட்டிருக்கிறார். ஒன்று கௌரவ பாராளுமன்ற உறுப்பினருக்கு. இன்னொன்று மாவட்டச் செயலாளருக்கு. தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்துப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

அடுத்த திங்கள் நிலோஜன் என்ற பொடியன் அந்தக் கதிரையில் இருந்தான். லாச்சியைப் பூட்டும் திறப்பை வாங்கிக்கொண்டு, கதிரையில் முதுகுக்கு வைத்திருந்த தலையணையை மட்டும் ஓட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நோபேட் அதை விறாந்தைப் பிளாஸ்டிக் கதிரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாராவது கேற்றைத் திறந்தால் உடம்பை அந்தப் பக்கம் திருப்புவார். கதிரை திரும்பாது. காலையில் பத்து மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு நிற்பார், போக இடமில்லை என்று நினைவு வந்ததும் மாற்றியதைக் கழற்றுவார். திட்டலாம் என்று வாயெடுத்தவள், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய்க் கொடுப்பேன். அந்த வேலையை நான் எத்தனை நாள் பழித்திருக்கிறேன். அது இல்லாத நோபேட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை.

பதிலுக்காக நாங்கள் காத்திருந்த வாரங்களில் ஜெனிற்றா பாதி உடம்பாகிவிட்டாள். ஐந்து வருடம் என்றால் என்ன என்று அவள் ஒருநாள் என்னிடம் கணக்குப் பார்த்தாள். பிள்ளை பெறுகிற வயதைக் குறித்த கணக்கு அது, மிட்வைபிடம் வேறென்ன கேட்பாள். இன்னும் காலம் இருக்கிறது மகள் என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் செபமாலையை எடுத்தேன்.

விசா வந்தது. இரண்டு வரியில் வந்தது, விளக்கம் ஏற்கப்பட்டது, கடவுச்சீட்டை அனுப்பவும் என்று. ஜெனிற்றா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதல் தடவையாகச் சத்தம்போட்டு அழுதாள். அன்று அவள் கோயிலின் முன்கதவால் போனாள்.

அந்த வாரமே எம்.பி.யின் முகநூலில் ஒரு பதிவு வந்தது. கௌரவ உறுப்பினர் கனடிய அரசுடன் மேற்கொண்ட நேரடித் தொடர்பாடலின் பயனாகக் கல்லடி யுவதி ஒருவர் கணவருடன் இணைகிறார். கூடவே படம், சுவரில் கொழுவியிருந்த அதே லமினேட் கடிதம். மூன்றாம் தரப்போடு பேசமாட்டோம் என்ற வரி தெளிவாகத் தெரிந்தது. ஆயிரத்துக்கு மேல் விருப்பம். வாழ்த்துக்கள் ஐயா, எனக்கும் ஒரு கடிதம் வேணும் ஐயா என்று கீழே நீளமாகப் போனது. கனடாவில் உண்மையாகவே நமக்காக எழுதிய அந்தப் பெண்ணின் பெயர் எந்த இடத்திலும் வரவில்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை. விருப்பம் தெரிவித்தவர்களின் பெயர்களைத் திறந்து பார்த்தேன். முதலாவது பெயர் நோபேட். நான் கத்தின கத்தலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. அவர் அசையவில்லை. கடிதத்தை லமினேட் செய்தது தான்தானே என்றார்.

பயணத்தன்று மத்தியானம் கட்டுநாயக்கா விமானநிலையம் போக வான் வந்தது. பெட்டிகளை ஏற்றிவிட்டார்கள். ஜெனிற்றா எங்கள் இருவரின் காலிலும் விழுந்து எழும்பினாள். நான் கருவாட்டை இன்னும் இரண்டு பொலித்தீனால் சுற்றும்படி சொல்லிக்கொண்டிருந்தேன், வேறு எதைச் சொன்னாலும் அழுகை வரும் என்று. நோபேட் வெள்ளைச் சட்டை போட்டு, நெஞ்சுப் பையில் பேனா செருகி, அலுவலகம் போகிற கோலத்தில் நின்றார். அவள் வானில் ஒரு காலை வைத்த பிறகு கிட்டப் போய், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு குனிந்து சொன்னார்.

“மகள், தினுஷன்ட அந்த எம்.பி. நல்ல மனிசன் போல. அவரிட்டச் சொல்லி, நம்மட எம்.பி.க்கு ஒரு கடிதம் போட ஏலுமா எண்டு கேட்டுப் பார். நோபேட்ட திரும்பவும் எடுக்கச் சொல்லி. அங்கிருந்து வந்தா இவர் தட்டமாட்டார்.”

ஜெனிற்றா அவரைப் பார்த்தாள், பிறகு அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். அவளுடைய கண்களில் நீர் முட்டி நின்றது. ஒரு விதவைச் சொல்லால் இத்தனை மாதம் பட்ட பாட்டில் அவள் ஒருவரிடமும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

“கட்டாயம் கேக்கிறன், பெரியப்பா. அவர் போடுவார்” என்றாள்.